சிக்குக்கு வெள்ளை, இல்லுக்குச் சிவப்பு

நான் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் என் மேஜைக்கு அதிகமாக வந்தவை விடுப்பு விண்ணப்பங்கள்தாம். அவற்றில் பாதிக்கு மேல் உடம்பு சரியில்லை என்று சொல்பவை. மருத்துவச் சான்று இருக்கிறதா, அதில் தேதி ஒத்துப்போகிறதா, திரும்பி வந்த அன்று உடல்தகுதிச் சான்று கொடுத்தாரா என்று பார்ப்பேன். உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. விதிகள் அதைக் கேட்பதில்லை. என்னை ரொம்பக் கறாரான அம்மா என்று சொன்னவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நான் தாராளமாக இருந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்பதற்காக ஒரு குடும்பமே மலையேறிப் போனதை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். பார்த்தது மட்டுமல்ல, தீர்ப்பை எடுத்துக் கொடுத்ததே என் கைதான்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. திருத்தணிக்கு யுத்தம் ரயில் வழியாகத்தான் தெரியும். பட்டாளத்தை ஏற்றிய ஸ்பெஷல்கள் எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் போகும். வண்டிகள் பெருகியதால் அரக்கோணம் ஜங்ஷனில் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த என் மாமா, ரயில்வேக்குள் நுழைந்தார். நம்பர் டேக்கர் வேலை. வந்து நிற்கும் கூட்ஸ் வண்டியின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு வேகனின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் ரயிலில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். டெம்பரரிதான். ஆனாலும் எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என்பதால் அம்மா அவருக்குத் தட்டில் முதலில் போடுவாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து துணி எடுத்துவந்து மலையடியில் கடை வைத்திருந்த என் அப்பா, நைனாவுக்கு அப்புறம்தான்.

அந்த மாமா நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் போனபோது, திங்கட்கிழமை துரைக்கு முன்னால் வந்து நின்று காரணம் சொல்ல வேண்டும் என்று யார்டில் சொல்லிவிட்டார்கள். அந்தத் துரைக்கு நீளமான பதில் ஆகாதாம். ஒரு வாக்கியம்தான் பொறுப்பாராம். அது பிடிக்காவிட்டால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். டெம்பரரியை நீக்க அந்நாளில் விசாரணை, விளக்கம் எதுவும் தேவையில்லை. ஒரு தலையசைப்பு போதும்.

அம்மா அக்கம்பக்கத்தில் சொன்ன காரணம் காய்ச்சல். "தம்பிக்குக் காய்ச்சல் அடிச்சிகினு இருந்துச்சு" என்று எல்லாரிடமும் சொன்னாள். நானும் நம்பினேன். அந்த நாலு நாளும் மாமா அரக்கோணத்திலிருந்து ஐஸ் வாங்கி, மரத்தூளில் புதைத்துக் கோணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து வெயிலில் ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன். காய்ச்சலுக்கு ஐஸ் நல்லது என்று எனக்குத் தெரியும். யாருடைய காய்ச்சலுக்கு என்பது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

ஐஸ் போய்ச் சேர்ந்தது எங்கள் டீச்சர் வீட்டுக்கு. பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை கட்டியபோது, தாயாரை மட்டும் அழைத்துக்கொண்டு இங்கே வந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கிறிஸ்தவப் பெண் அவர். எங்கள் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தார். வெள்ளைப் புடவை, தோளில் குத்திய ஊக்கு, கோபித்துக்கொள்ளவே தெரியாத குரல். அவருடைய தாயார்தான் காய்ச்சலில் கிடந்தார். ஊரில் அவர்களுக்கு வேறு மனிதர் இல்லை. டாக்டரைக் கூட்டிவந்ததும் மருந்து வாங்கிவந்ததும் மாமாதான். தாயார் பிழைத்து எழுந்து கஞ்சி குடித்தபோது மாமாவுக்கு வேலை போகும் நிலைமை வந்திருந்தது.

துரைக்குச் சொல்லும் பதிலை முதலில் தயாரித்துக் கொடுத்தவர் கார்டய்யா. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்று, ஸ்டேஷன் தெருவில் வீடு கட்டியிருந்தவர். அம்மாவுக்கு மாமா முறை. கலியாணத்துக்கு ஒரு மகள் இருந்தாள். பல்லாங்குழி ஆடினால் என்னை ஜெயிக்க விடுவாள் என்பதால் அவளை எனக்கு நிரம்பப் பிடிக்கும். கார்டய்யா எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மாமாவை எதிரே நிறுத்திக்கொண்டார். இங்கிலீஷில் 'ஐ வாஸ் சிக்' என்பதா, 'ஐ வாஸ் இல்' என்பதா என்று மாமா கேட்டார்.

"ரயில்வேல ஒரே வார்த்தைதான்டா. சிக். ஆள் படுத்தாலும் சிக், வேகன் அச்சு ஒடிஞ்சாலும் சிக். சாக்பீஸ்ல பெரிசா எழுதி சிக் லைன்ல தள்ளிடுவான். இல்லுன்னு எழுதின வேகனை எங்கனா பாத்திருக்கியா நீ?"

தினமும் வேகன்களையே பார்த்துக்கொண்டிருந்த மாமாவால் பார்த்ததாகச் சொல்ல முடியவில்லை.

"சிக்குன்னா சர்டிபிகேட் கேப்பாங்களே."

"கேக்கட்டுமே. மெமோ கேப்பான், சர்டிபிகேட் கேப்பான், அப்பால ஃபிட்டு கேப்பான். ஒண்ணொண்ணா குடுத்துகினு போனா வேலை நெலைக்கும். ஒண்ணும் கேக்காம வுட்டான் பாரு, அவன்தான் ஊட்டுக்கு அனுப்பப் போறான்னு அர்த்தம். டாக்டரு எனக்கு வேண்டியவரு. எங்க ஊட்டு மாப்பிள்ளைக்கு இதுகூடச் செய்ய மாட்டனா?"

அம்மா அவருக்கு இரண்டாம் முறை காப்பி கொண்டுவந்தாள். கார்டய்யா சொன்னது நடைமுறைப்படி முழுக்கச் சரி என்பதைப் பிற்பாடு நான் உத்தியோகத்தில் தெரிந்துகொண்டேன். கேள்வி கேட்கப்படும் கோப்புக்கு ஆயுசு கெட்டி. மாப்பிள்ளை என்று அவர் சொன்னதை மட்டும் பெரியவர்கள் சின்னவர்களை மரியாதையாக அழைக்கும் ஒரு வழி என்று எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்குத் திருப்தி இல்லை. துரை வெள்ளைக்காரர், இங்கிலீஷ் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் என்று அவர் பன்மையில் சொன்னாலும் போனது ஒரே வீட்டுக்குத்தான். வாலிபன் தனியாகப் போவது அழகில்லை என்பதால் என்னையும் என் பலகையையும் அழைத்துக்கொண்டு போனார். நான் வாசல் நடையில் உட்கார்ந்து எழுத்து எழுதுவேன். உள்ளே டீச்சரின் தாயார் படுத்திருப்பார். கதவுப் பக்கம் டீச்சர், தெருப் பக்கம் மாமா, நடுவில் நான்.

டீச்சரின் கட்சி 'இல்'.

"ஐ வாஸ் சிக் அப்படின்னா வெள்ளைக்காரர் காதுக்கு வாந்தி எடுத்தேன்னு கேக்கும்."

"நாலு நாளாவா?" என்றார் மாமா.

இருவரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து தாயார் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் டீச்சர்.

மறுநாளும் அதே சந்தேகத்துக்காகப் போனோம். "சிக்குக்குப் பக்கத்துல இன்னொரு வார்த்தை வரலாம். சிக் மேன், சிக் சைல்ட். 'இல்' அப்படி இல்ல. வாக்கியத்துக் கடைசியில தனியா நிக்கும்" என்று டீச்சர் விளக்கினார்.

"பக்கத்துல யாரும் வரவே கூடாதா?"

"கூடாதுன்னு இல்ல. வழக்கம் இல்ல."

"வழக்கம் யாரு வச்சது?"

மூன்றாம் நாளும் போனோம். ஒரு சின்ன வார்த்தையைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய மனிதருக்கு மூன்று சாயங்காலம் வேண்டியிருந்தது எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. நான் என்றால் இதே டீச்சர் ஒரு பக்கத்தையே மறுநாள் ஒப்பிக்கச் சொல்வார். அன்று டீச்சர், "உண்மையைச் சொல்லிடலாமே. எங்கம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்ல, பாத்துக்க ஆள் இல்ல, அதனால வரலன்னு" என்றார்.

"அவங்க உனக்கு யாருன்னு துரை கேப்பாரே" என்றார் மாமா. என் பலகையைப் பார்த்தபடியே, "அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இருக்குதா? நீங்க சொன்னா அதையே சொல்லிடறேன்" என்றார்.

டீச்சர் குனிந்து என் பலகையை வாங்கினார். சரியாகத்தான் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "இன்னா சொன்னாங்க டீச்சரம்மா?" என்றாள். எனக்கு ஞாபகசக்தி அதிகம். வாந்தி, சிக் சைல்ட், வழக்கம், துரை கேட்கப்போகும் கேள்வி, மாமா கேட்ட வார்த்தை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். வெல்லம் ஏதாவது கிடைக்கும் என்று நின்றேன். அம்மா அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது விவாதம் முற்றியது. சிக் என்றால் சர்டிபிகேட்டுக்குக் கார்டய்யா இருக்கிறார் என்றாள் அம்மா. வெள்ளைக்காரரிடம் தப்பு இங்கிலீஷ் பேசினால் முதலிலேயே கெட்டுவிடும் என்றார் மாமா. நைனா ரசத்தை உறிஞ்சிக்கொண்டே நடுவில் புகுந்தார்.

"இல்லுன்னா தெலுங்குல வீடு. வீட்ல இருந்தேன்னு துரைகிட்ட சொல்லிடு மச்சான். பொய்யும் ஆவாது."

"அவன் வீட்லயா இருந்தான்?" என்றாள் அம்மா.

மாமா கை கழுவ எழுந்தபோது அம்மா சொன்னாள்: "நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். மலைமேல போயி பூ கேட்டுடலாம். சாமி எந்த வார்த்தைன்னு சொல்றாரோ அதையே சொல்லு."

எங்கள் பக்கத்தில் முடிவுக்கு வராத எதையும் அப்படித்தான் முடிப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்துவிட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். நிலம் வாங்கலாமா, பெண் கொடுக்கலாமா, கண் ஆபரேஷனுக்குப் போகலாமா என்று எல்லாவற்றுக்கும் பூதான். இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு நடுவே முருகனை நிறுத்தியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

மாமா உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், சாமி தன் பக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். "சாமி சொன்னா சரிதாங்க்கா" என்றார். அதில் நியாயம் உண்டு. எங்கள் மலைமேல் இருப்பவர், யாரையும் கேட்காமல் தானே தேடிப்போய் வள்ளியை மணந்துகொண்டவர். இந்த மாதிரி வழக்கை அவரிடம் கொண்டுபோனால் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை யோசித்துப் பார்த்திருக்க வேண்டியவள் அம்மாதான். யோசித்துத்தான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா குளித்துவிட்டுப் பூ பறித்தாள். கிணற்றடியில் செவ்வரளி கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. நந்தியாவட்டை வேலியோரம் இருந்தது. சிக்குக்கு வெள்ளை, இல்லுக்குச் சிவப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டினாள். பூவரச இலை, வாழைநார். இரண்டும் ஒரே அளவில், ஒரே முடிச்சில், அச்சில் வார்த்ததுபோல இருந்தன.

படியேறும்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்து எடும்மா" என்றார். எப்படிப் பார்த்து எடுப்பது, இலைதானே தெரியும் என்றேன். "ஆங், அதுவும் சரிதான்" என்று சிரித்தார்.

குருக்கள் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, "என்ன காரியம்?" என்று கேட்டார்.

"இங்கிலீஷ் விஷயம்" என்றார் நைனா.

குருக்கள் ஒருமுறை எங்கள் எல்லாரையும் பார்த்தார். "சுவாமிக்குத் தெரியாத பாஷையா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாதத்தில் வைத்துக் கொண்டுவந்து தட்டை என் முன்னால் நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். குருக்கள் நாரை அவிழ்த்தார். நந்தியாவட்டை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நைனா மேலே தொங்கிய கோயில் மணியைப் பார்த்தார். மாமா அந்தப் பூவைக் கையில் வாங்கி, அதில் எண் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவரைப் போல வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "சரிக்கா" என்றார். "சிக்குன்னே சொல்லிடறேன்."

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, நீரில் விட்டுவிட வேண்டும். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, அடிவாரத்துக் குளத்தில் தன் கையாலேயே எறிந்தாள். எறிந்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். நான் கால் நனைக்க ஒரு படி இறங்கினேன். எறிந்த வேகத்தில் நார் நழுவியிருக்க வேண்டும். பூவரச இலை மலர்ந்துபோய்த் தண்ணீரில் என் பக்கமாகவே மிதந்து வந்தது. அதற்குள்ளும் நந்தியாவட்டை. ஒரு சிவப்பு இதழ்கூட இல்லை.

எனக்குப் புல்லரித்தது. குழந்தை தவறி மற்றதை எடுத்துவிடுமோ என்று, சாமி இரண்டையுமே வெள்ளையாக்கிவிட்டிருக்கிறார்! எனக்கு மட்டும் காட்டிய அற்புதம் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாமா துரைக்கு முன்னால் நின்றார். துரை ஏன் வரவில்லை என்று கேட்டாராம். மாமா 'சிக்' என்றாராம். துரை தலையைக்கூட நிமிர்த்தாமல், சான்றைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றாராம். கார்டய்யாவின் டாக்டர் எழுதிய சான்று மாமாவின் சட்டைப்பையில் தயாராக இருந்தது. 'இல்' என்று சொல்லியிருந்தாலும் அந்தத் துரை தலையை நிமிர்த்தியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் சட்டைப்பையில் சான்று இருந்திருக்காது.

வேலை நிலைத்தது. அந்த வாரமே கார்டய்யா வீட்டிலிருந்து தட்டோடு வந்தார்கள். தை மாதத்தில் கலியாணம் என்று பேசி வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். பல்லாங்குழி எங்கள் வீட்டுக்கே வந்துவிடப் போகிறது என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். மாமா இப்போது சாயங்காலங்களில் ஸ்டேஷனிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். இங்கிலீஷ் சந்தேகம் எதுவும் அவருக்கு வரவில்லை.

மறு வாரம் பள்ளிக்கூடம் விட்டபிறகு டீச்சர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். மேஜைமேல் இருந்த சாக்பீஸ் துண்டுகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டே, "உங்க மாமா என்ன வார்த்தை சொன்னாரு?" என்று கேட்டார்.

"சிக் டீச்சர். சாமியே சொல்லிட்டாரு. பூ நான்தான் எடுத்தேன்."

"அப்படியா. நல்ல வார்த்தைதான்" என்றார். அவர் முகம் ஒருமாதிரி ஆனது எனக்குத் தெரிந்தது. தன்னுடைய வார்த்தை தோற்றுவிட்டதே என்று வருத்தப்படுகிறார் என்று பட்டது. கோபிக்கவே கோபிக்காத டீச்சர். அவரைத் தேற்ற என்னிடம் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அவருக்காக எடுத்தேன்.

"உங்க மேல தப்பே இல்ல டீச்சர். நான் எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான். இன்னொரு பொட்டலம் குளத்துல அவுந்துகினு வந்துச்சு, அதுலயும் வெள்ளைதான் இருந்துச்சு. செவப்பே இல்ல. சாமி மாத்திட்டாரு."

டீச்சரின் விரல் சாக்பீஸ்மேல் நின்றது.

"பொட்டலம் யாரு கட்டினது?"

"அம்மா."

"உங்க மாமா அந்த இன்னொரு பொட்டலத்தைப் பாத்தாரா?"

"இல்ல டீச்சர். நான் மட்டும்தான் பாத்தேன். மாமாகிட்ட சொல்லட்டுமா?"

டீச்சர் அவசரமாக என் தோளைப் பிடித்தார். "வேணாம்மா" என்றார். "சாமி உனக்குக் காட்டினது உன்கிட்டயே இருக்கட்டும்." பிறகு எழுந்து கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பலகையில் ஒரு எழுத்துகூட இல்லை. இருந்தாலும் துணியை எடுத்து, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும், மேலும் கீழுமாக, நான் நிற்பதை மறந்தவர்போலத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பட்டணத்தில் குண்டு பயம் தீர்ந்துவிட்டது என்று தாயாரும் மகளும் தை பிறக்கும் முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அது பிற்பாடு நடந்தது. அன்று பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது என் மனத்தில் இருந்தது ஒரே ஒரு பரிதாபம்தான். இங்கிலீஷில் அவ்வளவு கெட்டிக்காரர், போயும் போயும் ஒரு ரிட்டயர்டு கார்டிடம் தோற்றுப்போய்விட்டாரே என்று.